பதினேழாம் தேதிக் கையெழுத்து

மணலி சரக்குக் கிடங்கு. காலை பதினொன்றரை.
குளிர்பெட்டியின் கதவைத் திறந்ததும்
வெள்ளைப் புகை முதலில் இறங்கி
என் செருப்பைத் தடவிவிட்டுப் போனது.
உள்ளே நாற்பத்திரண்டு பன்றித் தொடைகள்,
வலைப்பை மாட்டி, கணுக்காலில் ஈய முத்திரையோடு,
தலைகீழாக.

உப்பில் புதைத்து, கழுவி,
பதினெட்டு மாதம் மலைக்காற்றில் தொங்கவிட்டதாம்.
லேபிள் சொல்கிறது.
மலைக்காற்றுக்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.
இருப்பது வெப்பநிலை, ஈரப்பதம், நைட்ரைட்,
மீதமுள்ள ஆயுள் சதவீதத்தில்,
அப்புறம் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம்
உண்டா, இல்லையா.
உண்டு. ஸ்டிக்கராக ஒட்டியிருக்கிறார்கள்,
கொஞ்சம் கோணலாக.
கோணலுக்கும் கட்டம் இல்லை.

எலும்போரம் ஊசியைக் குத்தி இழுத்து
மோந்து பார்த்தேன்.
விதிப்புத்தகத்தில் இல்லாத சோதனை.
வறுத்த கடலை, பழைய நெய்,
மழைக்கு முந்திய சாக்கு.
கிளியரிங் ஏஜென்ட் வேதநாயகம்
பத்தாங்கிளாஸ் ரிசல்ட்டுக்கு நிற்கிற அப்பாவைப் போல
என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.
‘நல்லா இருக்குல்ல மேடம்?’
நல்லாத்தான் இருந்தது.

பிறகு காகிதங்கள்.
சுகாதாரச் சான்றிதழின் அடியில்
அங்குள்ள கால்நடை மருத்துவரின் கையெழுத்து.
நீல மை. கடைசி எழுத்துக்கு நீண்ட வால்.
ஏற்றுமதிக்கு முன் நேரில் பரிசோதித்தேன்,
தேதி பதினேழு.
சரக்குச்சீட்டைத் திருப்பினேன்.
கப்பல் கிளம்பியது பதினாறு.

கடலில் போய்விட்ட தொடையை
கரையில் நின்று எப்படிப் பார்த்தார்,
பைனாகுலரிலா?

‘ஒரே ஒரு நாள் மேடம். டைப்பிங் மிஸ்டேக்.’
கையால் எழுதிய தேதி அது.
அவர் பார்த்திருக்கலாம், எழுத மறந்திருக்கலாம்.
அன்றைக்கு அவர் பெண்ணுக்குக் காய்ச்சலாக இருக்கலாம்.
பார்க்கவே இல்லாமலும் இருக்கலாம்.
எல்லாவற்றுக்கும் ஒரே மைதான்.

எனக்கு அந்த வாலைத் தெரியும்.
புயல் அடித்த டிசம்பரில்,
கரண்ட் போன மூன்றாம் நாள்,
தெருவில் முழங்கால் தண்ணீர்.
மாதவரம் கிடங்குக்குப் போன் போட்டுக் கேட்டேன்.
‘டிகிரி என்ன காட்டுது?’
‘மைனஸ் பதினெட்டு மேடம்.’
எண்பது பெட்டி சாசேஜுக்கு
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், சாப்பாட்டு மேசையில்
நேரில் பரிசோதித்தேன்.
ஊரே இருட்டில் வேர்த்துக் கிடந்தபோது
மைனஸ் பதினெட்டு.
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
ஆகவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நிராகரிக்கப்படுகிறது, என்று எழுதினேன்.
என் கையெழுத்துக்கு வால் கிடையாது.
அன்று கொஞ்சம் நீண்டுவிட்டது.

திருப்பி அனுப்பச் செலவு அதிகம் என்று
ஐந்தாவது வாரம் அழிக்கச் சொல்லிவிட்டார்கள்.
யாரும் எடுத்துத் தின்றுவிடக் கூடாது,
அதனால் முதலில் பினாயில்.
கேனைத் தூக்கிக்கொண்டு நின்ற பாக்கியதாஸ்
ஒரு தொடையைப் புரட்டிப் பார்த்தான்.
‘கெட்டுப்போச்சா மேடம்?’
‘கறி கெடலை. பேப்பர்தான்.’
‘எங்க தெரு மொத்தமும் கிறிஸ்மஸ் கொண்டாடியிருக்கும்’
என்றான். ஊற்றினான்.
உப்பும் பினாயிலும் சேர்ந்த அந்த வாடை
என் டிபன் பையில் இரண்டு நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெரம்பூர்.
ரயில்வே சுவரோரம் ரோஸ்லினின் கடை,
புளியமரக் கட்டை, தார்ப்பாய், தராசு, ஈக்கள்.
முத்திரையில்லை, முக்கோணமில்லை,
டிகிரி காட்ட ஒன்றுமில்லை.
முன்னால் பதினோரு பேர் வரிசை.
என் முறை வந்ததும் கேட்டேன்:
‘இன்னிக்கு அறுத்ததா?’
‘பின்ன, நேத்தா?’
கத்தியை நிறுத்தாமலே சொன்னாள்.

கைப்பைக்குள் போன விரல்கள்
பழக்கத்தில் பேனாவைப் பிடித்தன.
விட்டுவிட்டு
பர்ஸைத் தேடினேன்.
‘அரைக்கிலோ. கொழுப்பு கொஞ்சம் இருக்கட்டும்.’